மித்தி ஆறும் நம் சிறுவரும்

மும்பைவாழ் தமிழராகிய நாம் காவிரியையும் பொருநையையும் நம் சிறுவர்க்குச் சொல்லித் தருகிறோம். தாராவியை ஒட்டி ஓடும் மித்தியையோ சாக்கடை என்றே சுட்டுகிறோம்.

அது பிறக்குமிடம் காடு. நம் குறிஞ்சியின் இனமான கார்விச் செடி 8 ஆண்டுகளுக்கொருமுறை பூக்கும் மலைக்காடு. அங்குப் பெய்யும் மழையைத் தேக்கி 1860-இல் அமைந்த விகார் ஏரியே இந்நகருக்கு முதன்முதல் குழாய்நீர் அளித்தது. விகார், பவாய் ஏரிகள் நிரம்பி வழியும் நீரே மித்தியாகிச் சுமார் 18 கிலோமீட்டர் ஓடி, மாகிம் கழிமுகத்தை அடைகிறது.

நகரம் வளர, கரைகள் சுருங்கின. அலையாத்தி மரங்கள் குறைந்தன. 2005 ஜூலை 26-இல் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. இடமிழந்த ஆறு வீடுகளுட் புகுந்தது.

அக்காட்டை நம் சிறுவர்க்குக் காட்டுவோம். நீர் வரும் வழியை அறிந்தவரே அதனை அடைக்காது காப்பர்.