கூப்பர் கருஞ்சாய்வெழுத்து

சாய்வெழுத்து முதற்கண் நூலுக்கெனவே தோன்றிற்று. 1501-இல் வெனிசு நகரத்து ஆல்டசு மனூசியசு வெளியிட்ட வெர்சில் பதிப்பு, பிரான்செசுக்கோ கிரிப்போ வெட்டிய சாய்வெழுத்தால் அமைந்தது. மெல்லிய அவ்வடிவம் நானூறு ஆண்டுகட்குப்பின் விளம்பரத்திற்கெனப் பருத்த வரலாற்றை ஈண்டு நோக்குவோம்.

ஆசுவால்டு புரூசு கூப்பர் (1879–1940) பிரெடரிக்கு கௌடியிடம் எழுத்துக்கலை பயின்றவர். அவர் வரைந்த ‘கூப்பர் பிளாக்கு’ எழுத்தைச் சிகாகோ வார்ப்பகம் ஒன்று 1922-இல் வெளியிட்டது. அதன் சாய்வு வடிவமும் அப்பத்தாண்டிலேயே வந்தது.

இவ்வெழுத்தின் கோடுகள் பருத்தவை, முனைகள் உருண்டவை, உள்வெளிகள் சிறியவை. கூரிய முனை தேய்ந்தாலும் மை படர்ந்தாலும் குறை தோன்றும். உருண்ட முனையோ அதனை மறைக்கும். பருமையால் அசைவற்று நிற்கும் எழுத்திற்குச் சாய்வு இயக்கம் தருகின்றது. ஆதலின் தலைப்பிற்கும் சுவரொட்டிக்கும் இது ஏற்றது. சிறிய அளவில் உள்வெளிகள் மையால் அடைபடுமாதலின் நூலின் உடற்பகுதிக்கு ஏலாது.

மரபு போற்றிய அச்சுக்கலைஞர் சிலர் இக்கருமையை இகழ்ந்தனர். எனினும், ஆசிரியராகிய கௌடியே 1925-இல் இதற்கு ஒப்பான பருத்த எழுத்தொன்றை வரைய நேர்ந்தது. பயன் நோக்காது வடிவை இகழ்தல் பொருந்தாது என்பதே எம் கருத்து.

ஆராய்ச்சியாளர்க்கு இதனால் வேறொரு பயனும் உண்டு. ஆண்டு குறிக்கப்படாத துண்டறிக்கையில் இவ்வெழுத்து காணப்படின், அது 1922-க்கு முற்பட்டதன்று எனத் துணியலாம். ஆயின் பின்னெல்லையை இதுகொண்டு வரையறுத்தல் தவறாகும். 1966-இல் வெளிவந்த ‘பெட் சவுண்ட்சு’ இசைத்தட்டின் உறையிலும் கூப்பர் பிளாக்கே விளங்குகின்றதன்றோ? எழுத்தின் பிறப்புக் காலம் சான்றாகும். அதன் வழக்குக் காலமோ நீண்டு செல்லும் என்க.