பேட்டர்சீ நாய்கள், பூனைகள் இல்லம்

பேட்டர்சீ நாய்கள், பூனைகள் இல்லம் என்பது இங்கிலாந்தின் தலைநகரான இலண்டனில், தேம்சு ஆற்றின் தென்கரையிலுள்ள பேட்டர்சீ பகுதியில் அமைந்துள்ள ஒரு விலங்குக் காப்பகம் ஆகும். 1860ஆம் ஆண்டில் தொலைந்துபோன நாய்களுக்காக மட்டும் தொடங்கப்பட்ட இவ்வில்லம், 1883ஆம் ஆண்டு முதல் பூனைகளையும் ஏற்று வருகின்றது. எனினும் இல்லத்தின் பெயரில் பூனைகள் இடம்பெற்றது 2002ஆம் ஆண்டில்தான். தொடங்கிய நாளிலிருந்து 30 இலட்சத்துக்கும் மேற்பட்ட விலங்குகள் இங்கு வந்துள்ளன. 2018ஆம் ஆண்டு முதல் இந்நிறுவனம் "பேட்டர்சீ" என்ற சுருக்கமான பெயரைப் பயன்படுத்துகின்றது. பேட்டர்சீ தவிர, பெர்க்சயரில் உள்ள ஓல்டு வின்சரிலும் கென்டில் உள்ள பிராண்ட்சு ஆட்ச்சிலும் இதற்குக் கிளைகள் உள்ளன.

தோற்றம்

இவ்வில்லத்தை நிறுவியவர் மேரி டீல்பி (1801 - 1865) என்னும் பெண்மணி ஆவார். இவர் தம் தோழி சாரா மேஜர், உடன்பிறந்தாரான எட்வர்டு பேட்சு பாதிரியார் ஆகியோரின் துணையுடன், வடக்கு இலண்டனின் ஆலோவே பகுதியில் ஒரு குதிரை இலாயத்தில் இதனைத் தொடங்கினார். தொலைந்துபோன, பட்டினியால் வாடும் நாய்களுக்கான தற்காலிக இல்லம் என்பதே இதன் முதற்பெயரின் பொருள். உரிமையாளர் தேடி வரும்வரை அல்லது புதிய வீடு கிடைக்கும்வரை நாய்களுக்கு உணவும் இடமும் அளிப்பது இதன் நோக்கமாக இருந்தது.

அக்காலத்தில் இம்முயற்சி பலரது ஏளனத்துக்கு உள்ளானது. மனிதர்களே பசியால் வாடும் நகரத்தில் நாய்களுக்கு இல்லம் எதற்கு என்று கேட்கப்பட்டது. த டைம்சு நாளிதழும் இதனைக் கேலி செய்தது. ஆனால் 1862ஆம் ஆண்டில், சார்ல்சு டிக்கின்சு ஆசிரியராக இருந்த வார இதழில் வெளிவந்த ஒரு கட்டுரை நிலைமையை மாற்ற உதவியது. உயர்குல நாய்களின் கண்காட்சியையும் ஆலோவேயில் கிடந்த தெருநாய்களையும் ஒப்பிட்டு எழுதப்பட்ட அக்கட்டுரை, இல்லத்தின் மீது பொதுமக்களின் கவனத்தைத் திருப்பியது.

நாய்களின் குரைப்பொலி குறித்து அண்டை வீட்டார் முறையிட்டு வந்தமையால், 1871ஆம் ஆண்டில் இல்லம் பேட்டர்சீக்கு இடம்பெயர்ந்தது. தொடர்வண்டிப் பாதைகளுக்கு இடைப்பட்ட அந்நிலத்திலேயே அது இன்றளவும் இயங்கி வருகின்றது. 1885ஆம் ஆண்டில் விக்டோரியா அரசி இதன் புரவலரானார்.

நாய்களுக்கு முதலிடம்

நாய்களுக்காக இல்லம் தோன்றிப் பல ஆண்டுகள் கழித்தே பூனைகள் ஏற்கப்பட்டமைக்கு அக்காலச் சட்டமும் நோய் அச்சமும் முக்கியக் காரணங்கள் ஆகும். 19ஆம் நூற்றாண்டின் இலண்டனில் வெறிநாய்க்கடி நோய் பெரும் அச்சத்தை விளைவித்தது. 1867ஆம் ஆண்டின் தலைநகரத் தெருக்கள் சட்டம், தெருவில் திரியும் நாய்களைப் பிடிக்கும் அதிகாரத்தைக் காவல்துறைக்கு வழங்கியது. பிடிபட்ட நாய்களை வைக்க ஓர் இடம் தேவைப்பட்டபோது பேட்டர்சீ இல்லம் அப்பணியை ஏற்றது. இதனால் இல்லத்துக்கு வரும் நாய்களின் எண்ணிக்கை பன்மடங்கு உயர்ந்தது.

நாய் வளர்ப்போர் வரி அல்லது உரிமக் கட்டணம் செலுத்தவேண்டிய நிலை 1796 முதல் 1987 வரை இருந்தது. பூனைக்கு அவ்வாறான உரிமம் ஒருபோதும் இருந்ததில்லை. எனவே நாய்க்கு உரிமையாளர் ஒருவர் உண்டு என்பதைச் சட்டம் கருதியது. பூனையோ எலி பிடிக்கும் பொருட்டு வைத்திருக்கப்படும், தன்னைத் தானே காத்துக்கொள்ளும் விலங்காகவே பார்க்கப்பட்டது. தெருப்பூனைகளைப் பிடிக்கவோ காக்கவோ எந்த அலுவலருக்கும் கடமை இருக்கவில்லை.

இல்லத்தின் வரலாற்றில் துயரமான ஒரு பக்கமும் உண்டு. உரிமையாளர் வராத, புதிய வீடும் கிடைக்காத நாய்களில் பெரும்பாலானவை கொல்லப்பட்டன. அதனை வலியின்றிச் செய்யும் பொருட்டு, மருத்துவர் பெஞ்சமின் வார்டு இரிச்சர்ட்சன் வடிவமைத்த, மயக்க வளிமங்களைப் பயன்படுத்தும் அறை ஒன்று 1884ஆம் ஆண்டில் இங்கு அமைக்கப்பட்டது. விலங்குகளை ஏற்றுக்கொள்வது மட்டும் காப்பதாகிவிடாது என்ற உண்மையை இது உணர்த்துகின்றது. வரும் எண்ணிக்கையைக் குறைக்காமல் சாவைக் குறைக்க இயலாது என்பதே பிற்காலச் சமூகத் திட்டங்களின் அடிப்படையாகும்.

பூனைகளின் வருகை

1871ஆம் ஆண்டில் இலண்டன் படிக மாளிகையில் ஆரிசன் வேர் என்பவர் ஒரு பெரிய பூனைக் கண்காட்சியை நடத்தினார். அதனைத் தொடர்ந்து பூனை செல்லப்பிராணியாக மதிக்கப்படும் போக்கு வளர்ந்தது. 1887ஆம் ஆண்டில் தேசியப் பூனைக் கழகம் நிறுவப்பட்டது. இவ்விரு நிகழ்வுகளுக்கும் இடைப்பட்ட 1883ஆம் ஆண்டிலேயே பேட்டர்சீ இல்லம் பூனைகளை ஏற்கத் தொடங்கியது.

பின்னர் பூனைகளுக்கெனத் தனிக் கட்டடமும் எழுப்பப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்ட அதற்கு விட்டிங்டன் மனை என்று பெயர். பூனையின் உதவியால் செல்வந்தனாகி இலண்டன் மாநகரத் தலைவரானதாகக் கதைகளில் வரும் டிக் விட்டிங்டனின் நினைவாக இப்பெயர் வைக்கப்பட்டது. பின்னாளில் வேல்சில் போர்ட்மெயிரியன் சிற்றூரை உருவாக்கிப் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் கிளவ் வில்லியம்சு-எல்லிசு இதனை வடிவமைத்தார்.

பூனைகளுக்காக மட்டும் இயங்கும் நாடளாவிய அமைப்பான பூனைகள் பாதுகாப்புக் கழகம் இலண்டனில் 1927ஆம் ஆண்டில்தான் தோன்றியது. அதற்கு 44 ஆண்டுகள் முன்னரே பேட்டர்சீ பூனைகளை ஏற்றிருந்தது குறிப்பிடத்தக்கது.

போர்க்காலம்

1939ஆம் ஆண்டு செப்டம்பரில் இரண்டாம் உலகப்போர் தொடங்கியவுடன், குண்டுவீச்சுக்கும் உணவுத் தட்டுப்பாட்டுக்கும் அஞ்சிய மக்கள் தங்கள் வளர்ப்பு விலங்குகளைக் கொல்வதற்காகக் கொண்டுவந்து வரிசையில் நின்றனர். நாடு முழுவதும் சில இலட்சம் விலங்குகள் இவ்வாறு மாண்டன. அவற்றுள் பூனைகள் பெருந்தொகையின. விலங்குநல அமைப்புகள் பலவும் அவசரப்பட வேண்டாம் என்று மக்களைக் கேட்டுக்கொண்டும் பயனில்லை. பேட்டர்சீ இல்லம் போர் முடியும்வரை மூடப்படாமல் இயங்கியது.

பெயர் மாற்றமும் புதிய பூனையகமும்

நெடுங்காலம் பேட்டர்சீ நாய்கள் இல்லம் என்றே அறியப்பட்டதால், இங்குப் பூனைகளும் உள்ளன என்பதைப் பலர் அறியவில்லை. இது வெறும் பெயர்ச் சிக்கல் அன்று. பூனை வேண்டுவோர் தேடி வராவிடில், உள்ளிருக்கும் பூனைகள் நெடுநாள் கூண்டிலேயே தங்கநேரும். புதிதாக வரும் பூனைகளுக்கு இடமும் இராது. 2002ஆம் ஆண்டில் பெயர் மாற்றப்பட்டது.

இல்லம் 150 ஆண்டுகளை நிறைவு செய்த 2010ஆம் ஆண்டில், பேட்டர்சீ வளாகத்தில் புதிய பூனையகம் ஒன்று திறக்கப்பட்டது. கண்ணாடிச் சுவர்களைக் கொண்ட இப்பல மாடிக் கட்டடத்தில் பூனைகள் தனித்தனி அறைகளில் வைக்கப்படுகின்றன. ஆயினும் மக்களின் கவனம் நாய்களின் பக்கமே மிகுந்திருந்தது. 2012ஆம் ஆண்டு முதல் பால் ஓ'கிரேடி (இறப்பு: 2023) நடத்திய புகழ்பெற்ற தொலைக்காட்சித் தொடரும் இங்குள்ள நாய்களைப் பற்றியதே ஆகும்.

பூனைப் பராமரிப்பு முறை

காப்பகத்தில் பூனையைப் பராமரிப்பது நாயைப் பராமரிப்பதிலிருந்து பெரிதும் வேறுபட்டது. நாய் மனிதரைச் சார்ந்து இயங்குவது. பூனையோ தன் இடத்தைச் சார்ந்து இயங்குவது. பழகிய இடத்தை இழந்த பூனை உண்ண மறுக்கும், மூலையில் ஒடுங்கிவிடும். இம்மன அழுத்தம் நோய் எதிர்ப்பாற்றலைக் குறைப்பதால், உடலில் மறைந்திருக்கும் சளிக்காய்ச்சல் தீநுண்மம் மீண்டும் தலைதூக்கும். ஆகவே பூனையகத்தில் அமைதியும் நோய்த்தடுப்பும் ஒன்றையொன்று சார்ந்தவை. பொதுவாகக் கடைப்பிடிக்கப்படும் முறைகள் பின்வருமாறு:

- குரைப்பொலி கேட்காதவாறு பூனைகளை நாய்களிடமிருந்து விலக்கி வைத்தல்.
- அறிமுகமில்லாத பூனைகளை ஒரே அறையில் விடாதிருத்தல்.
- ஒவ்வோர் அறையிலும் ஒளிந்துகொள்ள ஒரு பெட்டியும் ஏறி அமர உயரமான தட்டும் அமைத்தல்.
- உணவுத் தட்டையும் மலத்தொட்டியையும் எட்ட வைத்தல்.
- புதிதாக வரும் பூனைகளைத் தனிமைப்படுத்தி, தடுப்பூசி இட்ட பின்னரே மற்றப் பகுதிகளுக்கு மாற்றுதல்.

ஒரு பூனை வெளியே வந்து பார்வையாளரிடம் பழகவில்லை என்பதால் அது நல்ல வளர்ப்புப் பூனை அன்று என முடிவு செய்யலாகாது. கூண்டில் அஞ்சி ஒடுங்கும் பூனை, வீட்டுச் சூழலில் சில நாட்களிலேயே இயல்பாகப் பழகுவதுண்டு. இத்தகைய பூனைகளையும், தாயற்ற குட்டிகளையும், அறுவை சிகிச்சை முடிந்தவற்றையும் தன்னார்வலர்களின் வீடுகளில் சில வாரங்கள் வைத்துப் பராமரிக்கும் தற்காலிக வளர்ப்புத் திட்டம் இதனாலேயே இன்றியமையாததாகின்றது. பூனைக்குட்டிகள் மனிதருடன் பழகிக்கொள்ளும் பருவம் ஏறத்தாழ 2 முதல் 7 வாரங்கள் வரையே ஆகும். அப்பருவத்தை ஒரு குட்டி வீட்டில் கழிக்கின்றதா கூண்டில் கழிக்கின்றதா என்பது அதன் வாழ்நாள் இயல்பையே தீர்மானிக்க வல்லது.

சமூகத் திட்டங்கள்

பெண் பூனை 4 மாத வயதிலேயே கருவுறக் கூடியது. கருக்காலம் ஏறத்தாழ 9 வாரங்கள். ஓராண்டில் இரண்டு மூன்று முறை ஈன இயலும். இளவேனிலிலும் கோடையிலும் குட்டிகள் பெருகுவதால், அம்மாதங்களில் காப்பகங்கள் நிரம்பி வழிகின்றன. எனவே கருத்தடை அறுவை சிகிச்சையே காப்பகத்தின் சுமையைக் குறைக்கும் முதன்மை வழியாகும். பேட்டர்சீயிலிருந்து புதிய வீடுகளுக்குச் செல்லும் பூனைகளுக்குக் கருத்தடை செய்யப்படுகின்றது. அடையாளத்துக்காகத் தோலின் கீழ் நுண்சில்லும் பொருத்தப்படுகின்றது.

தொலைந்த விலங்குகளைத் தேடுவோருக்கு உதவுதல், வளர்ப்போருக்கு ஆலோசனை வழங்குதல், பள்ளி மாணவர்களுக்கு விலங்குநலம் பற்றிக் கற்பித்தல் ஆகியவற்றையும் இல்லம் மேற்கொள்கின்றது. உள்நாட்டிலும் வெளிநாடுகளிலும் உள்ள பிற காப்பகங்களுக்குப் பயிற்சியும் நிதியுதவியும் வழங்குகின்றது.

2020ஆம் ஆண்டு மார்ச்சில் கொரோனா பெருந்தொற்றை முன்னிட்டு ஊரடங்கு நெருங்கிய வேளையில், ஒரே வாரத்தில் 86 நாய்களும் 69 பூனைகளும் இங்கிருந்து புதிய வீடுகளுக்குச் சென்றன. அதற்கு முந்திய ஆண்டின் அதே வாரத்தில் இவை முறையே 42, 39 ஆக இருந்தன.

வாடகை வீடுகளில் விலங்குகளுக்குத் தடை இருப்பது, விலங்குகள் கைவிடப்படுவதற்கான காரணங்களுள் ஒன்றாகும். இதனை மாற்றக்கோரிப் பேட்டர்சீ பரப்புரை செய்து வந்தது. வாடகைதாரர் விலங்கு வளர்க்க அனுமதி கேட்கும் உரிமையையும், வீட்டு உரிமையாளர் தக்க காரணமின்றி மறுக்கக்கூடாது என்ற விதியையும் 2025ஆம் ஆண்டின் வாடகைதாரர் உரிமைச் சட்டம் இங்கிலாந்தில் கொண்டுவந்தது.

சட்டத்தில் பூனையின் நிலை

நாய்க்கும் பூனைக்கும் இடையே சட்டத்தில் நிலவிய வேறுபாடு அண்மைக்காலத்திலேயே குறையத் தொடங்கியது.

- 2006ஆம் ஆண்டின் விலங்குநலச் சட்டம், வளர்ப்போரின் பராமரிப்புக் கடமையை இரு விலங்குகளுக்கும் பொதுவாக்கியது.
- விலங்குகளைக் கொடுமைப்படுத்துவோருக்கு இங்கிலாந்திலும் வேல்சிலும் இருந்த 6 மாத உச்சத் தண்டனை, 2021ஆம் ஆண்டில் 5 ஆண்டுகளாக உயர்த்தப்பட்டது. இதற்காகப் பேட்டர்சீ 2017ஆம் ஆண்டு முதல் பரப்புரை செய்தது.
- நாய்களுக்கு நுண்சில்லு பொருத்துவது இங்கிலாந்தில் 2016ஆம் ஆண்டில் கட்டாயமாக்கப்பட்டது. பூனைகளுக்கு இது 2024ஆம் ஆண்டு சூன் 10 அன்றே கட்டாயமாயிற்று. 20 வார வயதுக்குள் பொருத்தப்படவேண்டும்; மீறுவோருக்கு 500 பவுண்டு வரை தண்டம் விதிக்கப்படலாம்.
- 2024ஆம் ஆண்டின் செல்லப்பிராணிக் கடத்தல் சட்டம், நாயையோ பூனையையோ திருடுவதைத் தனிக் குற்றமாக்கியது.

எனினும் வேறுபாடு முற்றிலும் நீங்கவில்லை. வாகனம் நாயின் மீது மோதினால் அறிவிக்கவேண்டும் என்று 1988ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் கூறுகின்றது. அப்பட்டியலில் பூனை இல்லை. தெருநாய்களைப் பிடித்து வைக்கும் கடமை உள்ளாட்சி மன்றங்களுக்கு உண்டு; தெருப்பூனைகளுக்கு அவ்வாறான கடமை இல்லை. ஆகவே தெருவில் திரியும் ஒரு பூனையின் நிலை, இன்றும் அதனைக் காண்பவரின் இரக்கத்தையும் காப்பகத்தில் உள்ள இடத்தையுமே சார்ந்துள்ளது.

புகழ்பெற்ற பூனைகள்

2011ஆம் ஆண்டு பிப்ரவரி 15 அன்று பேட்டர்சீயிலிருந்து இலாரி என்னும் ஆண் பூனை பிரித்தானியத் தலைமை அமைச்சரின் இல்லமான 10, டவுனிங் தெருவுக்கு எலி பிடிக்க அனுப்பப்பட்டது. தலைமை எலிபிடிப்பாளர் என்ற பட்டம் அதற்கு அளிக்கப்பட்டது. டேவிட் கேமரன் முதல் கீர் இசுட்டார்மர் வரை ஆறு தலைமை அமைச்சர்களின் காலத்தில் அது அங்கு வாழ்ந்துள்ளது. 2016ஆம் ஆண்டில் வெளியுறவு அமைச்சுக்குப் பால்மர்சுட்டன், கருவூலத்துக்குக் கிளாட்சுட்டன் ஆகிய பூனைகளும் பேட்டர்சீயிலிருந்தே சென்றன. பால்மர்சுட்டன் 2020ஆம் ஆண்டில் பணி ஓய்வு பெற்றது. தெருவிலிருந்து வந்த இலாரி நாட்டின் அறியப்பட்ட முகங்களுள் ஒன்றானமை, காப்பகப் பூனைகளின் மீது மக்கள் கொண்டிருந்த எண்ணத்தை மாற்றப் பெரிதும் உதவியது.