வால்வுக்குள் புகுந்த காற்று

பழைய வால்வு ரேடியோவைத் திறந்து பார்த்தவர்களுக்குக் கண்ணாடிக் குமிழின் உட்புறம் பளபளக்கும் வெள்ளிப் பூச்சு நினைவிருக்கும். குமிழில் கீறல் விட்டுக் காற்று புகுந்தால் அந்தப் பூச்சு பால்போல வெளுத்துவிடும். வால்வு போய்விட்டது என்று சொல்ல ரிப்பேர்காரருக்கு மீட்டர்கூட வேண்டாம்.

அந்தப் பூச்சு அழகுக்காக வந்ததல்ல. அமெரிக்காவின் ஸ்கெனெக்டடியில், ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் 1909-ல் சேர்ந்த இர்விங் லாங்மியூர், மின்விளக்கு இழைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். விளக்கின் டங்ஸ்டன் இழை சீக்கிரம் நொறுங்காமலிருக்க அதில் கொஞ்சம் தோரியம் ஆக்சைடு கலப்பது வழக்கம். அப்படிக் கலந்த இழையை நன்றாகச் சூடேற்றினால், ஆக்சைடில் கொஞ்சம் உலோகத் தோரியமாக மாறி, உள்ளிருந்து கசிந்து மேற்பரப்பில் படர்கிறது. படலத்தின் கனம் ஒரே ஓர் அணு! அதற்கே சுத்த டங்ஸ்டனைவிட ஆயிரக்கணக்கான மடங்கு எலக்ட்ரான்களைக் கக்கத் தொடங்கிவிடுகிறது இழை. ரேடியோ வால்வுக்கு வேண்டியதும் அந்த எலக்ட்ரான்கள்தான்.

சிக்கல் வாயுவில் இருந்தது. குமிழில் துளி ஆக்சிஜன் மிஞ்சினாலும் தோரியம் ஆக்சைடாகிவிடும்; எலக்ட்ரான் வரத்து படுத்துவிடும். நீராவி அதைவிடப் பொல்லாதது. சூடான இழையில் பட்டு அது பிரிகிறது. ஆக்சிஜன் டங்ஸ்டனைச் சுரண்டிக் கண்ணாடிக்குக் கொண்டுபோகிறது. அங்கே ஹைட்ரஜன் அணுக்கள் அந்த ஆக்சிஜனைப் பறித்துக்கொண்டு மறுபடி நீராவியாகின்றன. உலோகம் கண்ணாடியில் கருப்பாகத் தங்க, அதே நீராவி அடுத்த நடைக்குத் தயார். கூலி கேட்காத திருடன்.

இதற்குத் தீர்வாகத்தான் குமிழுக்குள்ளேயே மக்னீசியத்தை ஆவியாக்கினார்கள். மிச்சமிருந்த வாயுவை அது பிடித்துக்கொண்டது. 'கெட்டர்' என்ற அந்த வெள்ளிப் பூச்சு இப்படி வந்ததுதான். தோரியம் கலந்த இழையோடு 1920களின் தொடக்கத்தில் வந்த யூவி-201ஏ வால்வுக்குக் கால் ஆம்பியர் போதும். முந்தைய யூவி-201 ஓர் ஆம்பியர் குடித்தது. பாட்டரியில் ரேடியோ கேட்ட வீடுகளுக்கு இது சின்ன விஷயமில்லை.

சோர்ந்துபோன வால்வுக்கு உயிரூட்டவும் வழி இருந்தது. சில நொடிகள் அளவுக்கு மீறிச் சூடேற்றினால், உள்ளே மிச்சமுள்ள தோரியம் மேலே வந்து புதுப் படலம் போடும். காற்று புகுந்த வால்வுக்கு மட்டும் இந்த வைத்தியம் பலிக்காது.

லாங்மியூருக்கு மேற்பரப்பு வேதியியலுக்காக 1932-ல் நோபல் பரிசு கிடைத்தது. ரேடியோ வால்வுகளில் பின்னர் இழைமேல் பூசிய பேரியம் ஆக்சைடு தோரியத்தின் இடத்தைப் பிடித்தது. ஆனாலும் தோரியம் கலந்த டங்ஸ்டன் இழை ஒழிந்துவிடவில்லை. சமையலறை மைக்ரோவேவ் அடுப்பில் அலைகளை உண்டாக்கும் மேக்னட்ரானில் இன்றும் எரிந்துகொண்டிருக்கிறது.