படிக்கு ஒரு பாட்டு: திருத்தணியும் திருப்புகழ் அன்பர் கூட்டங்களும்

அருணகிரிநாதர் 15ஆம் நூற்றாண்டில் முருகன்மீது பாடிய திருப்புகழ், பாடுவதற்கு மிகக் கடினமான தமிழ் நூல்களுள் ஒன்று. ஆயினும் கடந்த நூறாண்டுகளில் அதை வீடுதோறும் கொண்டு சேர்த்தவர்களுள் பெரும்பாலோர் இசையைத் தொழிலாகக் கொண்ட வித்துவான்கள் அல்லர். அலுவல் முடிந்த மாலைகளிலும் விடுமுறை நாட்களிலும் கூடிப் பாடிய அன்பர்களே. முறையான இசைப் பயிற்சி இல்லாதவரையும் அரவணைத்துப் பாடவைத்த அந்தக் கூட்டங்களின் வரலாற்றில், ஆந்திர எல்லையை அடுத்த திருத்தணி மலைக்குத் தனியிடம் உண்டு.

திருப்புகழின் கடினம் அதன் சந்தத்தில் உள்ளது. சந்தம் என்பது குறில், நெடில், வல்லொற்று, மெல்லொற்று ஆகியவை குறித்த வரிசையில் திரும்பத் திரும்ப வரும் ஓசை அமைப்பு. இதைத் ‘தன’, ‘தான’, ‘தந்த’, ‘தத்த’ போன்ற அசைகளால் குறிப்பர். ஒவ்வோர் அடியின் இறுதியிலும் ‘தொங்கல்’ எனப்படும் தனி ஓசைத்துண்டு ஒன்று வரும். சொல்லைத் தவறான இடத்தில் பிரித்தால் தாளம் நழுவும். தாளத்தை மட்டும் பிடித்துக்கொண்டால் பொருள் சிதையும். தனியே நூலை வைத்துக்கொண்டு கற்க முயல்பவர் முதல் சில பாடல்களிலேயே சோர்ந்துவிடுவது இயல்பு.

ஏடுகளில் சிதறிக் கிடந்த பாடல்களைத் தேடித் தொகுத்து 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அச்சிடத் தொடங்கிய வ. த. சுப்பிரமணிய பிள்ளை, மாவட்ட முன்சீப்பாகப் பணியாற்றியவர். அவர் மகன் வ. சு. செங்கல்வராய பிள்ளை (1883–1972) பதிவுத்துறை அலுவலராக இருந்துகொண்டே அப்பணியைத் தொடர்ந்து, அருணகிரியார் நூல்களுக்கு உரை எழுதி, ‘தணிகைமணி’ என்று அழைக்கப்பட்டார். தந்தை, மகன் இருவருக்குமே இது வருவாய்க்கான தொழில் அன்று, ஓய்வுநேரத்து அன்பு. பின்னாளில் பாடிய அன்பர்களும் இதே நிலையில் இருந்தவர்களே என்பது கருதத்தக்கது.

அச்சேறிய பாடல்களைப் பாடற்கூட்டமாக மாற்றியவர்களுள் முதன்மையானவர் வள்ளிமலைச் சச்சிதானந்த சுவாமிகள் (1870–1950). பவானியில் பிறந்து, மைசூர் அரண்மனையில் சமையற்பணி செய்து, வயிற்றுநோயோடு பழனிக்கு வந்து, அங்குத் திருப்புகழைக் கேட்டு அதில் தோய்ந்தவர். எழுத்தறிவு குறைவாயிருந்த நிலையில், திருப்புகழைப் படிப்பதற்காகவே நடுவயதில் எழுத்துக் கற்றார் என்பர். தாமே முதிர்ந்த வயதில் தொடக்கநிலை மாணவராக இருந்தவர், பிற தொடக்கக்காரரின் தயக்கத்தை உணர்ந்திருந்ததில் வியப்பில்லை.

1910களின் இறுதியில் அவர் திருத்தணியில் திருப்படித் திருவிழாவைத் தொடங்கினார். ஆங்கில ஆட்சியில் ஜனவரி முதல் நாளன்று மாலையும் பழமும் ஏந்தித் துரைமாரைக் கண்டு வணங்கும் வழக்கம் அலுவலர்களிடையே இருந்தது. அந்த வணக்கம் முதலில் தணிகை எனப்படும் திருத்தணியின் முருகனுக்கு உரியது என்று அவர் வற்புறுத்தியதே விழாவின் தோற்றக் காரணமாகச் சொல்லப்படுகிறது. நாளின் தேர்வு நடைமுறையிலும் பொருத்தமாயிற்று: புத்தாண்டு அரசு விடுமுறை நாள் என்பதாலும், சென்னையிலிருந்து அரக்கோணம் வழியே ரேணிகுண்டா செல்லும் இருப்புப்பாதையிலேயே திருத்தணி அமைந்திருந்ததாலும், குமாஸ்தாக்களும் ஆசிரியர்களும் எளிதில் வந்து திரும்ப முடிந்தது.

மலைக்கு 365 படிகள். ஆண்டின் ஒரு நாளுக்கு ஒரு படி என்பது மரபு. புத்தாண்டுக்கு முந்தைய நாளான டிசம்பர் 31 அன்று பல ஊர்ப் பஜனைக் குழுக்கள் அடிவாரத்தில் கூடி, படிக்கு ஒரு திருப்புகழ் பாடிக் கற்பூரம் ஏற்றி மேலேறுவர். ஏறி முடிய நெடுநேரம் ஆகும். இந்த அமைப்பில் அடங்கியுள்ள பரிவு கவனிக்கத்தக்கது. கச்சேரி மேடையில் தவறு ஒருவர் மேல் வந்து நிற்கும். படியில் அப்படி இல்லை. தேர்ந்தவர் ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர் வாங்கிப் பாடுவதால், சந்தம் தெரியாதவரின் குரலும் கூட்டத்தின் ஓசைக்குள் இடம்பெறுகிறது. ஜால்ரா தட்டுவதோ தொங்கலில் மட்டும் சேர்ந்துகொள்வதோ கூடப் பங்கேற்பாகவே கொள்ளப்படுகிறது. ஒரு படியில் தடுமாறியவருக்கு அடுத்த படியிலேயே இன்னொரு பாடல் காத்திருக்கிறது. கற்பித்தலையும் வழிபாட்டையும் இவ்வளவு இயல்பாக இணைத்த விழாக்கள் தமிழகத்தில் மிகச் சிலவே.

 

வள்ளிமலையாரின் காலத்துக்குப் பின் டெல்லியில் ஏ. எஸ். ராகவன், 1950களின் இறுதியில், அரசு ஊழியர் குடும்பங்களுக்குக் கட்டணமின்றித் திருப்புகழ் கற்பிக்கத் தொடங்கினார்; பாடல்களை இராகத்திலும் தாளத்திலும் அமைத்து, அனைவரும் ஒரே குரலாகப் பாடும் முறையை அவர் வகுத்தார். அவர் உருவாக்கிய ‘திருப்புகழ் அன்பர்கள்’ மும்பை, பெங்களூரு, சென்னை முதலிய நகரங்களிலும் வகுப்புகளை நடத்தினர். ஊரை விட்டுத் தொலைவில் வேலை பார்த்த தமிழ்க் குடும்பங்களில், தமிழ் எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளைகளும் செவிவழியாகவே இந்தச் சந்தங்களைப் பெற்றோருடன் சேர்ந்து கற்றுக்கொண்டனர்.