எட்டும் தூரமும் நிற்கும் உயரமும்: ராயக்கோட்டைக் கணவாயும் மேசைப் போர் விதிகளும்

பழைய ஆவணங்கள் பாராமகால் என்று குறிக்கும் கிருஷ்ணகிரி, தருமபுரித் தாழ்நிலத்திலிருந்து ஓசூரும் பெங்களூரும் அமைந்த மைசூர் மேட்டுநிலத்துக்கு ஏறிச்செல்லும் வழிகளில் ஒன்றை, அதன் அருகிலேயே எழுந்து நிற்கும் ஒரு பாறைக்குன்றின் மேலிருந்து காவல் காத்த ஊர் ராயக்கோட்டை. குன்றின் அடிவாரத்தில் ஒரு மதில், உச்சியில் மற்றொரு மதில் என்று கீழ்க்கோட்டையும் மேல்கோட்டையுமாக அமைந்த இந்த அரண், இன்று இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. கணவாயின் மேல் கோட்டை கட்டியவர்கள், யார் யாரை எங்கிருந்து தாக்க முடியும், யார் தாக்கப்படாமல் கடந்துபோக முடியாது என்ற கேள்விக்கே கல்லால் விடை எழுதினார்கள். ஆயுதத்தின் நீளமும் நிற்கும் இடத்தின் உயரமும் சேர்ந்து முடிவு செய்யும் இந்தக் கேள்வியே, பின்னாளில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மேசைமேல் ஆடப்பட்ட போர் விளையாட்டுகளில் ‘எட்டு எல்லை’ விதியாக, அதாவது ஒரு வீரர் தாம் நிற்கும் இடத்திலிருந்து எத்தனை தூரத்துக்குள் எதிரியைத் தாக்கலாம் என்று வரையறுக்கும் விதியாக வளர்ந்தது. அந்த விதியை எவ்வாறு பொருள்கொள்வது என்ற வழக்கு ஆட்டக்காரர்களிடையே இன்றும் தீரவில்லை. பாராமகாலில் 1791-ஆம் ஆண்டு நடந்த சண்டைகள் அந்த வழக்கின் மையத்தில் உள்ள சிக்கலைத் தெளிவாகக் காட்டுகின்றன.

மூன்றாம் மைசூர்ப் போரில் 1791 மார்ச்சில் பெங்களூரைப் பிடித்த ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியின் படைத்தலைவர் காரன்வாலிஸ், மே மாதத்தில் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் வாசல்வரை சென்றும் உணவும் இழுவை மாடுகளும் இல்லாமல் திரும்ப நேர்ந்தது. கர்நாடகப் பகுதி என்று அப்போது அழைக்கப்பட்ட கீழைச் சமவெளியிலிருந்து தானியமும் வெடிமருந்தும் பெங்களூருக்குத் தடையின்றி ஏறிவர வேண்டுமானால், வழியிலிருந்த மலைக்கோட்டைகள் கைக்கு வந்தாக வேண்டும். அந்த ஜூலையில் ஓசூரைக் காவற்படை தானே விட்டு நீங்கியது. அதே மாதத்தில் மேஜர் கவுடியின் படைப்பிரிவு ராயக்கோட்டையின் கீழ்க்கோட்டையைத் தாக்கிப் பிடித்தது. மேல்கோட்டையோ சண்டையால் விழவில்லை. பெரும்படை நெருங்கிய பின், கோட்டைத் தலைவர் நிபந்தனைகளின் பேரில் அதை ஒப்படைத்தார்.

நான்கு மாதங்கள் கழித்து, கிருஷ்ணகிரியில் பேச்சுவார்த்தைக்கு இடமில்லாமல் போனபோது என்ன நடந்தது என்பதோடு ஒப்பிட்டால்தான் இந்த ஒப்படைப்பின் பொருள் புரியும். 1791 நவம்பர் 7-ஆம் நாள் இரவில் கர்னல் மேக்ஸ்வெல்லின் படை அங்கே கீழ்க்கோட்டையை ஏணி வைத்து ஏறிப் பிடித்தது. தப்பி மேலே ஓடிய காவலர்களைத் துரத்திக்கொண்டே அவர்களோடு சேர்ந்து மேல்வாயிலுக்குள் நுழைந்துவிடலாம் என்று எண்ணியவர்களுக்கு முன்னால் கதவு அடைபட்டது. மேலிருந்து உருண்டுவந்த பாறைகள் ஏணிகளையும் அவற்றைச் சுமந்தவர்களையும் நொறுக்கின. கீழே நின்ற சிப்பாய்களின் துப்பாக்கிகள் அன்றைய கணக்கில் சிறந்தவை. மேலே இருந்தவர்களிடம் அந்நேரம் அவற்றைவிடப் பயன்பட்டது எந்தப் பட்டறையும் செய்யாத கல். மேக்ஸ்வெல் பின்வாங்கினார். கிருஷ்ணகிரி மேல்கோட்டை அந்தப் போர் முடியும்வரை பிடிபடவில்லை. ஏணிக்கு எட்டாததை 1792-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைதான் பாராமகால் முழுவதோடும் சேர்த்துக் கும்பினியிடம் கொண்டுவந்து கொடுத்தது.

ஆயுதத்தின் எட்டு எல்லையைத் தனி எண்ணாகக் கொள்வது எவ்வளவு பிழையானது என்பதற்கு மைசூர்ப் படையின் ஏவுகணைகள் எதிர்ப்பக்கச் சான்று. ஐதர் அலியும் திப்பு சுல்தானும் பயன்படுத்திய இந்த வாணங்கள், தாள் உறைக்குப் பதிலாக இரும்புக் குழாயில் மருந்து திணித்து மூங்கில் கழியில் கட்டப்பட்டவையாதலால், ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால் சென்று விழுந்தன. சாதாரணக் காலாட்படைத் துப்பாக்கி நூறு கெசத்துக்கு மேல் குறிதவறிய காலத்தில் அது வியப்பான தூரம். ஆயினும் ஏவுகணை எங்கே விழும் என்பதை ஏவியவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. கூட்டமாக நின்ற குதிரைப்படையையும் மாட்டுவண்டித் தொடரையும் கலைக்க அது உதவியதே தவிர, குறித்த ஓர் ஆளை, குறித்த ஒரு வாயிலைத் தாக்க உதவவில்லை. தூரம் மிகுந்தது, பிடி குறைந்தது. ஆட்ட விதிகளில் எறிபடைக்குத் தூர எல்லை ஒன்றும் கைப்படைக்கு எட்டு எல்லை வேறொன்றும் வகுக்கப்படுவது இந்த வேறுபாட்டினால்தான்.

இத்தகைய அனுபவங்களை எண்ணாகவும் பகடையாகவும் மாற்றும் முயற்சி பிரஷ்ய நாட்டில் முழு உருவம் பெற்றது. இளைய ரைஸ்விட்ஸ் என்ற படை அதிகாரி 1824-இல் வெளியிட்ட ‘கிரீக்ஸ்பீல்’ என்ற போர்ப்பயிற்சி ஆட்டத்தில், 1:8000 அளவில் வரைந்த நிலப்படத்தின் மேல் படைப்பிரிவுகளைக் குறிக்கும் கட்டைகள் நகர்த்தப்பட்டன. சுடும் தூரத்துக்கு ஏற்பச் சேதம் எவ்வளவு என்பதைப் பகடை சொன்னது. இரு தரப்புக்கும் நடுவே ஒரு நடுவர் அமர்ந்து விதியைப் பொருத்தினார். அட்டவணைகள் பெருகி ஆட்டம் நகராமல் போனபோது, 1876-இல் வெர்டி து வெர்னுவா என்ற தளபதி அட்டவணைகளை ஒதுக்கிவிட்டு, போர் அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பே போதும் என்றார். எழுதிய விதியா, நடுவரின் அறிவா என்ற பிணக்கு இன்றைய ஆட்ட மேசைகளுக்கு இங்கிருந்தே வந்தது.

அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் 1971-இல் வெளியிட்ட ‘செயின்மெயில்’ என்ற இடைக்காலப் போர் விளையாட்டு, ஆளுக்கு ஆள் மோதும் சண்டைக்கு ஒரு சிறு விதியை வைத்திருந்தது. ஆயுதங்கள் நீளத்தை ஒட்டி வகைப்படுத்தப்பட்டன. முதல் அடி தாக்கவருபவருக்கே உரியது. ஆனால் தற்காப்பவரின் ஆயுதம் இரண்டு வகை மேலானதாக இருந்தாலோ, அவர் மதில்மேலோ மேட்டின்மேலோ நின்று பொருதாலோ முதல் அடி அவருக்குப் போய்விடும். அடுத்த சுற்று முதல் குட்டை ஆயுதம் ஏந்தியவரின் கை முந்தலாம். மேட்டில் நிற்பவரின் உரிமை மட்டும் நீடித்தது. நெருங்கும் கணத்தில் நீளம் வெல்லும், நெருங்கிய பின் குறுமை வெல்லும், உயரம் எப்போதும் வெல்லும் என்ற மூன்று உண்மைகளை இவ்வளவு சுருக்கமாக அடக்கிய விதி பின்னர் வந்த தடித்த நூல்களில் இல்லை.

இதன் முதல் இரண்டு பகுதிகளும் சிலம்பக்காரர்களுக்குப் புதியவை அல்ல. ஆடுபவரின் நெற்றி அளவுக்கு வெட்டிய கம்பு சுழலும் வட்டத்துக்குள் நுழைவதே கடினம். நுழைந்துவிட்டாலோ அந்த நீளமே கம்புக்காரருக்குச் சுமை. மான் கொம்பு போன்ற குறும்படை ஏந்தியவரின் வேலை அங்கேதான் தொடங்குகிறது. எட்டு எல்லையைக் கம்பின் நீளம் மட்டும் தருவதில்லை, காலடி வைப்பும் சேர்ந்தே தருகிறது என்பதனால்தான் சிலம்பப் பயிற்சியில் காலடி வரிசைகளுக்கு அத்தனை இடம்.

‘செயின்மெயில்’ விதிகளைத் துணைகொண்டு கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974-இல் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’, ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் ஒரு கற்பனை வீரராகவோ மந்திரவாதியாகவோ பாத்திரமேற்க, நடுவர் கதையையும் எதிரிகளையும் நடத்தும் புதுவகை ஆட்டத்தைத் தொடங்கிவைத்தது. சதுரக் கட்டங்கள் வரைந்த பலகை அதன் சண்டைகளில் நிலைபெற்றபோது, ஒரு கட்டம் ஐந்தடி என்றும், வாளேந்தியவரின் எல்லை அடுத்த கட்டம்வரை என்றும், நீண்ட ஈட்டியின் எல்லை பத்தடி என்றும் கணக்கு நேரானது. 2000-ஆம் ஆண்டில் வந்த மூன்றாம் பதிப்பில் நீண்ட ஈட்டிக்காரர் இரண்டாம் கட்டத்தில் நிற்பவரைத் தாக்கலாம், ஒட்டி நிற்பவரைத் தாக்க முடியாது. அவர் எல்லைக்குட்பட்ட ஒரு கட்டத்தை விட்டு எதிரி நகர்ந்தால், அது அவரை நோக்கி நெருங்கும் நகர்வானாலும், முறை வராமலே ஓர் அடி கொடுக்கலாம். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு ஒட்டி நிற்பவரையும் தாக்க விட்டது. ஆனால் முறை வராமல் கொடுக்கும் அந்த அடியை, எதிரி எல்லையை விட்டு முழுதும் வெளியேறும்போது மட்டும் என்று சுருக்கியது. இதனால், தனித்திறன் பெற்றவர் நீங்கலாக, ஈட்டிக்காரரை நோக்கி வாள்வீரர் ஒருவர் அடி வாங்காமல் நடந்து சென்று ஒட்டி நிற்கலாம். ஈட்டி என்ற ஆயுதம் எதற்காகப் பிறந்ததோ அதையே இந்த விதி பறித்துவிட்டது. பழைய பதிப்பில் பழகியவரும் புதிய பதிப்பில் பழகியவரும் ஒரே மேசையில் அமரும்போது எழும் பூசலுக்கு, மூலைவிட்டக் கட்டத்தை ஐந்தடியாக எண்ணுவதா, ஒன்றுவிட்டொன்று பத்தடியாக எண்ணுவதா என்ற வேறுபாடும் துணைபோகிறது.

கட்டங்களை எண்ணாமலே எட்டு எல்லையை வகுத்த ஆட்டம் ஒன்று ராயக்கோட்டையைச் சூழ்ந்த ஊர்களில், தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் ஆடு, புலி என்ற அதே இரண்டு விலங்குகளின் பெயரால் வழங்குகிறது. ஆடுபுலி ஆட்டத்தின் மூன்று புலிகளும் பதினைந்து ஆடுகளும் கோடுகள் சந்திக்கும் புள்ளிகளில் நிற்கின்றன. புலி, அடுத்த புள்ளியில் இருக்கும் ஆட்டை, அதற்கு நேர் அப்பால் உள்ள புள்ளி காலியாக இருந்தால் மட்டுமே தாண்டி வெட்டலாம். இரண்டு ஆடுகள் ஒரே கோட்டில் அடுத்தடுத்து நின்றால் புலியால் ஒன்றும் செய்ய இயலாது. ஆட்டுக்கு ஆயுதம் ஏதும் இல்லை, ஆனால் அது நிற்கும் இடம் புலியின் எல்லையைக் குறைக்கிறது. ஒரே முறையில் தொடர்ந்து பல ஆடுகளைத் தாண்டலாமா என்பதில் ஊருக்கு ஊர் வழக்கம் மாறினாலும், எட்டு எல்லை என்பது தாக்குபவரின் சொத்தன்று, எதிரில் நிற்பவரின் நிலையும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கிறது என்பதில் எங்கும் மாற்றம் இல்லை.

ஆகவே எட்டு எல்லை விதியில் ஐயம் எழும்போது சொற்களை நெருக்கிப் பார்ப்பதைவிட, அந்த விதி சண்டையின் எந்த நிலைமையைச் சுருக்கிச் சொல்ல முயன்றது என்று கேட்பதே நடுவருக்கு நல்ல வழி. வெர்டி து வெர்னுவா சொன்னதும் ஏறத்தாழ அதுதான். நெருங்கும் கணத்தின் முதல் அடியைக் காத்ததிலும், ஒட்டி நிற்பவர்முன் ஈட்டியைச் செயலற்றதாக்கியதிலும் மூன்றாம் பதிப்பு, தனக்குப் பின் வந்ததைவிட உண்மைக்கு அருகில் இருக்கிறது. உயரத்தைப் பொறுத்தவரை அதுவும் குறையுடையதே. மேட்டில் நிற்பவரின் கைவீச்சுக்கு அது பகடையில் ஒரே ஓர் எண்ணைக் கூட்டிக் கொடுத்தது. ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளில் அந்த ஓர் எண்ணும் இல்லை. கிருஷ்ணகிரி மேல்கோட்டையின் பாறைகளை அந்த நூலை மட்டும் வைத்துக்கொண்டு மேசைமேல் உருட்ட முடியாது, 1971-இன் சிறு விதியைக் கொண்டு உருட்டலாம்.