நக்கவாரம் (நிக்கோபார் தீவுகள்)

வங்கக் கடலின் தென்கிழக்கு ஓரத்தில், அந்தமானுக்கும் சுமத்திராவுக்கும் இடையே வடக்குத் தெற்காகக் கிடக்கும் 22 தீவுகளின் தொகுதி. மொத்தப் பரப்பு 1,841 ச.கி.மீ.; இதில் பாதிக்கும் மேற்பட்டது பெரிய நிக்கோபார் ஒன்றே. பத்துப் பாகைக் கால்வாய் இத்தொகுதியை அந்தமானிலிருந்து பிரிக்கிறது. இந்திய ஆட்சிப் பரப்பின் தென்கோடி இங்குள்ள இந்திரா முனைதான்; கன்னியாகுமரி அன்று.

நிக்கோபார் என்பது நக்கவாரம் என்னும் பழம்பெயரின் திரிபாகவே கொள்ளத்தக்கது. முதலாம் இராசேந்திரன் 1025இல் நடத்திய கடற்படையெடுப்பில் கைக்கொண்ட இடங்களுள் மாநக்கவாரத்தையும் தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டு சேர்த்துச் சொல்கிறது. அதற்கும் முன்னே, 7ஆம் நூற்றாண்டில் இவ்வழியே இந்தியாவுக்கு வந்த சீனத் துறவி இ-சிங் ஆடையற்றோர் நாடு என்று எழுதியது இத்தீவுகளைத்தான். கப்பலைக் கண்டதும் தீவினர் ஓடங்களில் தேங்காய் கொண்டுவந்து இரும்புக்கு மாற்றிக்கொண்டனர் என்கிறார் அவர். இரும்பு கிடைக்காத, தென்னை செழித்த நிலம் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

ஐரோப்பியருள் முதலில் குடியேற முயன்றவர்கள் தரங்கம்பாடி டேனியர். 1756இல் உரிமை கொண்டு, பிரடெரிக் தீவுகள் எனப் பெயரும் சூட்டினர். காய்ச்சல் அவர்களை வாரிக்கொண்டு போயிற்று. 1768இல் நன்கௌரிக்கு வந்த மொராவியப் பாதிரிமாரும் இருபது ஆண்டுக்குள் பலரைப் பறிகொடுத்துத் திரும்பினர். 1778இல் ஆஸ்திரியர் வந்தனர், அவர்களும் நிலைக்கவில்லை. கடைசியில் டென்மார்க் 1868இல் தன் உரிமையை ஆங்கிலேயருக்கு விற்றது. இத்தீவுகளின் பருவநிலையைப் பற்றி வெளியுலகுக்குக் கிடைத்த முதல் தெளிவான சான்று இந்தச் சாவுகளே.

தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் இங்கு பெய்கின்றன. பெரிய நிக்கோபாரில் ஆண்டு மழை 3,000 மி.மீ.க்கு மேல். பிப்ரவரி, மார்ச் மட்டுமே ஓரளவு வெயில் காயும் மாதங்கள். வெப்பநிலை பெரும்பாலும் 22 முதல் 32 பாகைக்குள் நிற்கும். காற்றின் ஈரம் குறைவதே இல்லை. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் கடும்புயல்கள் அரிது. இப்பகுதியில் உருவாகும் தாழ்வழுத்தங்கள் வடக்கும் வடமேற்கும் நகர்ந்த பிறகே பெரும்புயலாகின்றன.

மியான்மரின் அரக்கான் மலைத்தொடர் கடலுக்குள் இறங்கித் தெற்கே தொடர்வதன் உச்சிகளே இத்தீவுகள். ஆயினும் நிலத்தோற்றம் தீவுக்குத் தீவு மாறும். கார் நிக்கோபார் பவளப்பாறை மேல் அமைந்த தட்டை நிலம். கமோர்ட்டா, தெரசா தீவுகளில் காட்டுக்கு நடுவே புல்வெளிகள் விரிகின்றன. பெரிய நிக்கோபாரோ அடர்காட்டு மலை. துல்லியர் சிகரம் 642 மீட்டர். வற்றாத ஆறுகள் ஓடுவதும் இங்கேதான்; அவற்றுள் கலத்தியா ஆற்றின் பெயர் 1845இல் புறப்பட்ட டேனிய ஆய்வுக் கப்பலின் பெயர். கரையோரங்களில் அலையாத்திக் காடும் தாழையும் தென்னையும் மண்டியுள்ளன. தாழைப் பழம் நிக்கோபாரியரின் பழைய முதன்மை உணவு.

இந்தியத் தட்டு பர்மா தட்டின் கீழ் நுழையும் விளிம்பில் இருப்பதால் இக்கரைகள் நிலையானவை அல்ல. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் பெரிய நிக்கோபாரின் தென்முனை ஏறத்தாழ நான்கு மீட்டர் அமிழ்ந்தது. கரைமேல் நின்ற இந்திரா முனைக் கலங்கரை விளக்கம் கடல்நீருக்குள் நின்றது. திரிங்கெட் தீவு துண்டுபட்டது. அலையாத்திக் காடுகள் பெருமளவு மடிந்தன.

2011 கணக்கெடுப்பில் மாவட்ட மக்கள்தொகை 36,842. பழங்குடியினர் நிக்கோபாரியரும் பெரிய நிக்கோபாரின் உட்காட்டில் வாழும் சோம்பென் மக்களும். கலத்தியா விரிகுடாவில் சரக்குப் பெட்டக மாற்றுத் துறைமுகம் அமைக்கும் திட்டத்துக்கு 2022இல் சுற்றுச்சூழல் அனுமதி தரப்பட்டது. தோல் போர்த்த முதுகில் ஏழு வரிகள் ஓடும் பெருங்கடலாமை முட்டையிடக் கரையேறுவது அதே விரிகுடாவின் மணலில்தான்.