திருத்தும் கை யாருடையது?

மன்னாரின் வரலாற்றை எழுதப் புகுவோர் முத்துக்குளிப்பை மறப்பதில்லை, கோட்டையையும் மறப்பதில்லை. ஆனால் அந்த ஊரின் பெயர் அந்நியர் பேனாவில் பட்ட பாட்டை நினைப்போர் அரியர். 1560இல் போர்த்துக்கேயர் வந்தனர். 1658இல் ஒல்லாந்தர் வந்தனர். 1795இல் ஆங்கிலேயர் வந்தனர். வந்தவர் ஒவ்வொருவரும் தம் செவிக்கு எட்டியவாறும் தம் எழுத்துக்கு இசைந்தவாறும் மன்னாரை எழுதிக்கொண்டனர். இக்கடலின் முத்துச் சிப்பிகளை ஆராய்ந்து ஹேர்ட்மன் என்ற விஞ்ஞானி இலங்கை அரசுக்கு அளித்த அறிக்கை 1903 முதல் 1906 வரை வெளிவந்தது. அதன் ஆங்கிலத் தலைப்பில், மன்னாருக்குரிய இரண்டு 'என்' எழுத்துகளில் ஒன்று மறைந்து, 'ஏ' இரட்டித்து நிற்கிறது. சிப்பிக்காக மூழ்கியவனிடம் அவன் கடலின் பெயரை எப்படி எழுதுவது என்று எவர் கேட்டார்?

ஒருவன் எழுத, அதிகாரமுடைய மற்றொருவன் திருத்தும் அந்த வழக்கம் அரசாங்க ஏடுகளோடு முடிந்துவிடவில்லை. இன்று அது நம் கைத்தொலைபேசியின் விசைப்பலகைக்குள் குடிபுகுந்திருக்கிறது. மன்னார் என்று ஆங்கில எழுத்தில் தட்டினால், அதை 'விதம்' என்று பொருள்படும் ஓர் ஆங்கிலச் சொல்லாக மாற்றிவிடும் விசைப்பலகையை நாம் கண்டிருக்கிறோம். கடிதத்தில் நேர்ந்தால் இது நகைப்போடு போய்விடும். கல்வியில் நேர்ந்தால் அவ்வாறு போவதில்லை.

தீவிலும் எதிர்க்கரையிலும் கணினி இல்லாத வீடுகள் பல. அவ்வீடுகளிலிருந்து வரும் மாணவர்கள், தந்தையின் தொலைபேசியில் முனையச் செயலி ஒன்றை நிறுவி, கணினிக்குக் கட்டளையிடக் கற்கிறார்கள். அவ்வாறு கற்ற மாணவி ஒருத்தி, கோப்புகளின் பட்டியலைக் காட்டும் 'எல், எஸ்' என்னும் ஈரெழுத்துக் கட்டளையைத் தட்டினாள். விசைப்பலகை அதை 'ஐ, எஸ்' என்று மாற்றி, முதலெழுத்தையும் பேரெழுத்தாக்கி அனுப்பியது. அப்படி ஒரு கட்டளை இல்லை என்று இயந்திரம் விடையளித்தது. நான்கு முறை தட்டினாள். நான்கு முறையும் அதே விடை. "எனக்கு இது வராது சேர்" என்று தொலைபேசியைக் கீழே வைத்தாள். செய்யாத பிழைக்கு அவள் தலைகுனிந்தாள். நம்மை வருத்துவது இதுவே.

இந்தத் திருத்தம் எங்கே பிறந்தது என்று பார்த்தால் ஒரு முரண் தென்படும். 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் தாம்ப்சனும் ரிச்சியும் யுனிக்ஸ் அமைப்பைத் தொடங்கியபோது, மெதுவாக அச்சடிக்கும் தொலைதட்டச்சு இயந்திரங்களே அவர்களுக்கு முனையங்களாக இருந்தன. விரலின் உழைப்பைச் சுருக்கவே கட்டளைகள் ஈரெழுத்தாகவும் மூவெழுத்தாகவும் அமைந்தன. அதே காலத்தில் வாரன் டைட்டல்மன் என்பவர் லிஸ்ப் மொழிக்காக, 'நான் கருதியதைச் செய்' என்ற பொருளில் பெயரிட்டு, பிழை திருத்தும் அமைப்பு ஒன்றை உருவாக்கினார். பின்னர் அவர் அதை ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வுக்கூடத்தில் கட்டளை முனையத்திலும் சேர்த்தார். கணினியாளர் சொல்லிவரும் செய்தியின்படி, ஒருநாள் அங்கே ஒருவர், டாலர் குறியில் முடியும் பழைய நகல்களை மட்டும் அழிக்குமாறு பணித்தார். அத்தகைய நகல் ஒன்றும் இருக்கவில்லை. 'எல்லாவற்றையும் அழி' என்பதே அவர் கருத்து என்று முடிவுசெய்து, அமைப்பு கோப்புகளை அழிக்கத் தொடங்கிற்று! அவர் பதறி நிறுத்துவதற்குள் சில கோப்புகள் போய்விட்டன.

1990களில் மைக்ரோசாஃப்டின் வேர்ட் மென்பொருள் வழியே தானியங்கித் திருத்தம் உலகெங்கும் பரவிற்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆவணங்களில் 'ஒத்துழைப்பு' என்னும் ஆங்கிலச் சொல், கலிபோர்னியாவின் கூப்பர்ட்டினோ என்ற ஊர்ப் பெயராகத் திரிந்தது. எக்செல் அட்டவணையோ, மனித மரபணுக்கள் சிலவற்றின் பெயர்களை மார்ச், செப்டெம்பர் மாதத் தேதிகளாக மாற்றியது. அட்டவணைகளை இணைத்து வெளிவந்த மரபணு ஆய்வுக் கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இத்தகைய பிழை உண்டு என 2016இல் ஓர் ஆய்வு காட்டியது. 2020இல் விஞ்ஞானிகள் மரபணுக்களின் பெயர்களையே மாற்றினர். 2023இல்தான் அந்த மாற்றத்தை நிறுத்தும் வசதி எக்செலில் வந்தது. முதலில் பணிந்தவர் மனிதர்; இயந்திரம் அல்ல.

தொலைபேசியில் நேர்வதன் காரணம் எளிது. முனையம் ஒவ்வோர் எழுத்தையும் தட்டியவுடன் எதிர்பார்க்கிறது. விசைப்பலகையோ சொல் முடியும்வரை அதைத் தன் கையில் வைத்திருந்து, இடைவெளி விட்டதும் தன் அகராதியின்படி திருத்தி அனுப்புகிறது. கட்டளைகள் அந்த அகராதியில் இல்லை. எனவே விசைப்பலகை அமைப்புக்குள் சென்று நான்கை நிறுத்த வேண்டும்: தானியங்கித் திருத்தம், முதலெழுத்தைப் பேரெழுத்தாக்கல், இரட்டை இடைவெளியை முற்றுப்புள்ளியாக்கல், இரண்டு சிறுகோடுகளை ஒரே நீள்கோடாகவும் நேர்மேற்கோளை வளைமேற்கோளாகவும் மாற்றும் 'நுண்ணறிவு' நிறுத்தக்குறி. கடவுச்சொல் கட்டத்தில் விசைப்பலகைகள் திருத்துவதில்லை. ஆதலால் சில முனையச் செயலிகள் தம்மையும் அத்தகைய கட்டமாகக் காட்டித் தப்புகின்றன. டெர்மக்ஸ் செயலியின் அமைப்புக் கோப்பில், உள்ளீட்டை எழுத்தெழுத்தாகவே பெறுமாறு கட்டாயப்படுத்தும் வரி ஒன்றைச் சேர்க்கலாம்.

இங்கே நமக்கு ஓர் இழப்பும் உண்டு. ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழ் பெறும் முறையும் சொல்லைக் கையில் வைத்திருந்தே இயங்குகிறது. திருத்தத்தை அடைத்தால் அந்தத் தமிழும் தடைப்படலாம். டெர்மக்ஸில் விசைவரிசையைப் பக்கவாட்டில் தள்ளினால் தனி எழுத்துப்பெட்டி ஒன்று தோன்றும். தமிழை அதில் தட்டி அனுப்பலாம். ஆயினும் இது கொல்லைப்புற வழியே. முன்வாசல் நமக்காகக் கட்டப்படவில்லை என்பதை மாணவர் அறிவது நலம்.

கட்டப்பட முடியாதது அல்ல அது. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்து மலாயா நோக்கிப் பிழைக்கச் சென்ற முத்தையா என்ற தமிழர், தமிழ்த் தட்டச்சுப் பொறியை வடிவமைத்தார். தட்டினாலும் தாள் நகராத விசைகளை அமைத்து, புள்ளியும் உயிர்க்குறிகளும் எழுத்தோடு சேருமாறு செய்தார். ஜெர்மன் ஆலை அதை வார்த்துக் கொடுத்தது. தமிழன் எழுத்துக்கு இயந்திரம் வளைந்தது.

அந்த மாணவியின் தொலைபேசியில் நான்கு திருத்தங்களையும் நிறுத்தினோம். 'எல், எஸ்' என்று மீண்டும் தட்டினாள். கோப்புகளின் பெயர்கள் திரையில் வரிசையாக வந்தன. அவற்றிடையே அவளே முன்னர் உருவாக்கிய கோப்பு ஒன்றும் இருந்தது. அதன் பெயர் மன்னார். இரண்டு 'என்' எழுத்துகளும் இருந்தன.